செல்போனை நீட்டிக்கொண்டு குருவி பார்ப்பவர்கள்

கேள்வி | ஜனவரி 6

சோழிங்கநல்லூர் பக்கம் ஏரிக்கரையில் காலை நடை போகிறவன் நான். கொஞ்ச நாளாக ஒரு கூட்டம் செல்போனை மரத்தை நோக்கி நீட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறது. கேட்டால் பறவையின் பெயரைக் கண்டுபிடிக்கிறார்களாம், இயற்கையோடு மறுபடி இணைகிறார்களாம். நம்மை மண்ணிலிருந்து பிரித்ததே இந்தப் பெட்டிதான். அதை வைத்தே திரும்பச் சேரப் போகிறோம் என்பது குடிகாரன் டாஸ்மாக் வாசலில் நின்று சத்தியம் பண்ணுகிற மாதிரி இருக்கிறது. யாராவது நியாயம் சொல்ல முடியுமா?

பதில் | ஜனவரி 6, இரவு

அந்தக் கூட்டத்து ஆள்தான் நானும். வேளச்சேரி, நாலாவது மாடி. ஜன்னலுக்கு வெளியே ஒரு தூங்குமூஞ்சி மரம், அதற்கு அப்பால் அடுத்த பில்டிங்கின் ஏ.சி. பெட்டிகள், பெட்டிகள் மேல் புறா. குடிவந்து பல வருஷம் அந்த மரத்தில் இருப்பது இரண்டே வகை என்றுதான் என் கணக்கு: காக்கா, காக்கா அல்லாதது.

ஆபீஸ் நண்பர் ஒருவர் மெர்லின் என்ற ஆப்பை ஏற்றிக் கொடுத்தார். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் செய்தது, இலவசம். 2014இல் வந்தபோது அளவு, நிறம், எங்கே உட்கார்ந்திருந்தது என்று கேள்வி கேட்டு ஊகிக்கிற ஆப்பாக இருந்தது. 2021இல் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் வசதியைச் சேர்த்தார்கள். ஒரு காலையில் ஜன்னலில் வைத்தேன். தையல்சிட்டு, ஊதாத் தேன்சிட்டு, தவிட்டுக்குருவி, வால்காக்கை, செம்மார்புக் குக்குறுவான் என்று வரிசையாக வந்தது. அந்த ‘டுக்... டுக்... டுக்’ சத்தம் எனக்குப் பழகின சத்தம்தான், பகலெல்லாம் கேட்கும். எதிர் வீட்டு மொட்டைமாடியில் ஏதோ மோட்டார் ஓடுகிறது என்று விட்டிருந்தேன். உள்ளங்கைக்குள் அடங்குகிற பச்சைப் பறவை, நெற்றியில் சிவப்பு, மரத்தின் உச்சிக் கிளையில் உட்கார்ந்துகொண்டு அந்த மோட்டாரை ஓட்டுகிறது.

பெட்டி மேல் உங்களுக்கு இருக்கிற கோபத்தில் பாதிக்கு நான் உடன்படுகிறேன். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். இந்தியாவில் செல்போன் பேச ஆரம்பித்தது 1995இல். பள்ளிக்கரணைச் சதுப்பில் பெருங்குடிக் குப்பை விழ ஆரம்பித்தது எண்பதுகளில். மண்ணை விட்டு வர நமக்குப் பெட்டி தேவைப்படவில்லை, நாமே கிளம்பி வந்தோம்.

ஜனவரி 7

எப்படி ஏற்றுவது என்று கேட்டவர்களுக்கு: ஆப்பை இறக்கினால் மட்டும் போதாது, இந்தியாவுக்கான பறவைத் தொகுப்பைத் தனியாக இறக்க வேண்டும். அது இறங்கிவிட்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் குரல் கேட்டுப் பெயர் சொல்லும். வைஃபையில் செய்யுங்கள், பெரிய கோப்பு.

ஜனவரி 8

“ஆப் பொய் சொல்கிறது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சொல்லும். ஏன் சொல்கிறது என்பது தெரிந்தால் கோபம் வராது.

அது கேட்கிறது என்பதே ஒரு பேச்சுக்குத்தான். உண்மையில் பார்க்கிறது. குரலை முதலில் படமாக்குகிறது; இடமிருந்து வலம் நேரம், கீழிருந்து மேல் சுருதி. அந்தப் படத்தை ஏற்கெனவே பயின்ற படங்களோடு ஒப்பிட்டுப் பெயர் போடுகிறது. ஆகவே படம் ஒத்துப்போனால் ஏமாறும். எங்கள் ஜன்னலில் அணில் கத்தலுக்கு ஒரு பறவையின் பெயர் போட்டது. பக்கத்து வீட்டுக்காரரின் ரிங்டோனைக் குயில் என்றது, அதைத் தப்பு என்றும் சொல்ல முடியாது.

இதில் கரிச்சான் தனிக் கதை. இரட்டைவால் குருவி என்போமே, கரெண்ட் கம்பியில் உட்கார்ந்திருக்குமே, அதுதான். அது வல்லூறு மாதிரிக் கத்தி மைனாக்களைக் கிளப்பிவிட்டு அவற்றின் இரையை எடுத்துக்கொள்வதைப் பறவை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மைனாவே ஏமாறும்போது மெர்லின் எம்மாத்திரம்.

எனவே வழக்கம் இப்படி: ஆப் ஒரு பெயர் சொன்னால் அது விசாரிக்க வேண்டிய தகவல். கண்ணால் பார்த்த பிறகுதான் பட்டியலில் ஏற்றுவது. “மெர்லின் சொன்னது, அதனால் எழுதினேன்” என்கிற ஆட்களால் உண்மையான தொல்லை இருக்கிறது, அதைப் பிறகு எழுதுகிறேன்.

ஜனவரி 8, கொஞ்சம் கழித்து

எழுத விட்டுப்போனது. எங்கள் பில்டிங்கில் ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவர் இருக்கிறார். வயதானதில் உயர்ந்த சுருதிகள் காதை விட்டுப் போய்விட்டன. தேன்சிட்டு பாடினால் அவருக்குக் கேட்காது. ஆப்பில் அந்தக் குரல் படமாக ஓடும்போது, “ஓ, இப்ப பாடுதா?” என்று மேலே பார்ப்பார். கோடு எந்த உயரத்தில் ஓடினால் எந்தப் பறவை என்றுகூடப் பழகிவிட்டார். கேள்வி கேட்டவர் அவரிடம் வந்து டாஸ்மாக் உவமையைச் சொல்லட்டும். நான் கூட இருப்பேன்.

ஜனவரி 16

பொங்கலுக்கு அம்பாசமுத்திரம் பக்கம், அம்மா வீட்டில். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் இதே விடுமுறையில்தான். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் 2015 முதல் வருஷா வருஷம் நடக்கிறது. பெரிய ஏற்பாடு ஒன்றும் தேவையில்லை. குறைந்தது 15 நிமிஷம் ஓர் இடத்தில் நின்று, பார்த்த கேட்ட எல்லாப் பறவைகளையும் எண்ணி இபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்ற வேண்டும். இபேர்டும் கார்னெல்காரர்கள் ஆடுபான் என்ற அமெரிக்கப் பறவைப் பாதுகாப்புச் சங்கத்தோடு சேர்ந்து 2002இல் தொடங்கியதுதான்.

வாசல் திண்ணையில் அம்மாவும் நானும். என் கையில் போன், அம்மா கையில் கடலை. அம்மாவுக்குக் கண் சரியில்லை, காதை வைத்தேதான் சொன்னாள். பல தடவை ஆப்புக்கு முன்னாலேயே சொன்னாள். மகள் நடுவராக இருந்து மதிப்பெண் போட்டாள். பாட்டிக்கே வெற்றி என்று தீர்ப்பு. நடுவரின் பாரபட்சம் ஊரறிந்தது.

ராத்திரி சாப்பிட்ட பிறகு வயல் பக்கமிருந்து ஒரு கத்தல். ஆப் சிவப்பு மூக்கு ஆட்காட்டி என்று போட்டது. சரிதான். அம்மா, “வாய்க்கால் வரப்புல யாரோ போறாங்க, தண்ணி திருப்ப வந்திருப்பான்” என்றாள். கொஞ்ச நேரத்தில் டார்ச் வெளிச்சம் தெரிந்தது.

இதை இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆப் கொடுத்தது ஒரு பெயர். அம்மாவுக்குக் கிடைத்தது ஒரு சேதி. ஒரே சத்தம்தான் இரண்டு பேருக்கும்.

ஜனவரி 18

மேலே எழுதியதைப் பிடித்துக்கொண்டு, “பார்த்தீர்களா, பாட்டிமார் இருக்கையில் ஆப் எதற்கு” என்று மூன்று பேர் வந்துவிட்டார்கள். பொறுங்கள்.

அம்மாவுக்கு வயலும் தோட்டமும் தொட்ட பறவை எல்லாம் தெரியும். பயிரைத் தின்பது, கோழிக்குஞ்சைத் தூக்குவது, சகுனம் பார்ப்பது, மழை சொல்வது. இலைக்குள்ளேயே திரிகிற சின்ன வலசைக் கதிர்க்குருவிகளைக் காட்டினால், “அதெல்லாம் ஏதோ சிட்டு” என்று விட்டுவிடுவாள். அந்தச் சிட்டில் ஒன்று இமயமலையிலும் அதற்கு வடக்கிலும் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே குளிர்காலத்துக்கு வருவது. சூறைக்குருவி தெரியும், சோளக்காட்டில் மேகம் போல இறங்குவது. அது மத்திய ஆசியப் புல்வெளியிலிருந்து வருகிறது என்று இபேர்டின் வரைபடத்தில் வாரவாரியாகப் புள்ளிகள் நகர்வதைக் காட்டியபோது அம்மா கேட்ட முதல் கேள்வி: “அவ்வளவு தூரத்துக்கு வழியில எங்க தங்கும்?” அரை மணி நேரம் போனை விடவில்லை.

அப்புறம் இன்னொன்று. எங்கள் பில்டிங்கில் ஆட்காட்டி சேதி சொல்ல எந்தப் பாட்டியும் இல்லை. இருக்கிற பாட்டிகளும் தாம்பரத்தில் வளர்ந்தவர்கள். கிராமத்துப் பாட்டியோடு போட்டி போட்டு ஆப் தோற்றது பற்றி எனக்குக் கவலை இல்லை. பாட்டி இல்லாத வீட்டில் அது எவ்வளவு தூரம் கூட வருகிறது என்பதுதான் கேள்வி.

பிப்ரவரி 3

பள்ளிக்கரணைக்கு வரச்சொல்லிக் கேட்டிருந்தீர்கள். நேற்று அங்கேதான். துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலை சதுப்பின் நடுவே போகிறது. ஓரத்தில் நின்றால் ஒரு பக்கம் லாரி, மறு பக்கம் பூநாரை. ஒரு காலத்தில் ஐம்பது சதுர கிலோமீட்டர் இருந்ததாகச் சொல்லப்படும் சதுப்பு. 2022இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது அறிவித்த பரப்பு சுமார் 1,250 ஹெக்டேர், அதாவது பன்னிரண்டரை சதுர கிலோமீட்டர்.

அங்கே மெர்லின் செல்லாக்காசு. ஹாரன் சத்தத்தில் அதற்கு ஒன்றும் கேட்பதில்லை. பைனாகுலர் வேண்டும். 8×42 என்று போட்டிருப்பது போதும்; எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடி 42 மில்லிமீட்டர். பத்து மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் பத்து மடங்கு தெரியும். நீலத் தாழைக்கோழி, நாமக்கோழி, பவளக்கால் உள்ளான், கூழைக்கடா, சங்குவளை நாரை. புதிதாக வருபவர்களுக்கு இதைவிடச் சுலபமான இடம் சென்னையில் இல்லை. எல்லாம் பெரிய உருவம், வெட்டவெளி, ஓடி ஒளிய இலை இல்லை.

இயற்கையோடு இணைப்பு வேண்டும் என்று வேளச்சேரிக்காரர்களிடம் மட்டும் யாரும் வந்து சொல்லிவிடாதீர்கள். பெருமழைக்கு அது கார் நிறுத்துமிடம் வரைக்கும் வந்துவிடுகிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தரைத்தளத்தில் மீன் நீந்தியது. கரெண்ட் இல்லை, போன் செத்துவிட்டது, ராத்திரி முழுக்கத் தவளை. எந்த ஆப்பும் இல்லாமல் சதுப்பு தன் பழைய எல்லையைக் காட்டிவிட்டுப் போனது.

பிப்ரவரி 19

அன்று சொன்ன தொல்லை. சென்னைக்கு வெளியே ஓர் ஏரி. ஒரு குழு, விலையுயர்ந்த கேமராக்கள், புளூடூத் ஸ்பீக்கர். புதருக்குள் இருக்கிற பறவையின் குரலை அதற்கே போட்டுக் காட்டுகிறார்கள். இன்னொரு ஆண் தன் எல்லைக்குள் வந்துவிட்டது என்று நினைத்துப் பறவை வெளியே வந்து தேடுகிறது, கத்துகிறது, சுற்றுகிறது. படம் எடுத்து முடித்து மறுபடி போடுகிறார்கள். மறுபடி வருகிறது. இரை தேட வேண்டிய காலை நேரம் முழுக்க இல்லாத எதிரியோடு சண்டை. முட்டையோ குஞ்சோ இருந்தால் இன்னும் மோசம். நான் போய்ச் சொன்னேன். “நாங்க கன்சர்வேஷனுக்காகத்தான் சார் பண்றோம்” என்றார் ஒருவர்.

கேள்வி கேட்டவரே, உங்கள் வாதத்துக்கு நானே ஆதாரம் எடுத்துக் கொடுக்கிறேன், வைத்துக்கொள்ளுங்கள். போனுக்குள் எல்லாக் குரலும் இருக்கிறது என்பதே ஒரு சபலம்.

பட்டியல் பைத்தியம் அடுத்தது. வருஷத்துக்கு எத்தனை இனம், மாவட்டத்துக்கு எத்தனை இனம் என்று ஓடுவது. எனக்கும் அந்த ஜுரம் வந்து தணிந்தது. பெரும்பாக்கத்தில் ஏதோ அபூர்வம் வந்திருக்கிறது என்று தகவல் வந்தால் ஜன்னலில் இருக்கிற தையல்சிட்டைத் தாண்டி ஓடுவேன். தையல்சிட்டு என்ன செய்கிறது? இலையின் விளிம்பில் அலகால் துளை போட்டு, சிலந்தி நூலையும் பஞ்சையும் கோத்து இலையைச் சுருட்டித் தைத்து அதற்குள் கூடு வைக்கிறது. வீட்டுத் தொட்டிச் செடியில்கூட வைக்கும். இதை விட்டுவிட்டு ஓடுவானேன் என்று இப்போது தோன்றுகிறது. இப்போது என் பட்டியல்கள் பெரும்பாலும் ஒரே இடம், ஒரே ஜன்னல், அதே பதினைந்து நிமிஷம். சுவாரசியம் குறையவில்லை. போன மாதம் இருந்தது இந்த மாதம் இல்லை என்பது ஒரே இடத்தில் நிற்பவனுக்குத்தான் தெரியும்.

பிப்ரவரி 20

“மெர்லின் சொன்னது என்று கண்டதையும் ஏற்றினால் அந்தத் தகவலை யார் நம்புவார்கள்?” நியாயமான கேள்வி. இபேர்டில் ஒவ்வொரு பகுதிக்கும் மாதத்துக்கும் எது சாதாரணம், எத்தனை சாதாரணம் என்று ஒரு சல்லடை உண்டு. அதைத் தாண்டினால் ஆப் அங்கேயே நிறுத்தி விளக்கம் கேட்கும். அதற்குப் பின்னால் உள்ளூர்த் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள், மின்னஞ்சல் அனுப்பிப் படம் இருக்கிறதா, எப்படி அடையாளம் கண்டீர்கள் என்று விசாரிப்பார்கள். எனக்கு வந்திருக்கிறது. முதலில் சுருக்கென்று இருந்தது, அப்புறம் அந்த ஆளிடமிருந்து நிறையக் கற்றுக்கொண்டேன்.

மார்ச் 20

சிட்டுக்குருவி தினம். காலையிலிருந்து வாட்ஸப்பில் அதே படம், அதே வரி: செல்போன் டவரால் சிட்டுக்குருவி அழிந்தது. இந்த இழையிலும் இரண்டு பேர் ஒட்டிவிட்டார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாக.

இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2020இல் ஓர் அறிக்கை வந்தது, 2023இல் இரண்டாவது. இரண்டுக்கும் அடிப்படை நம்மைப் போன்றவர்கள் இபேர்டில் ஏற்றிய பட்டியல்கள். 2023 அறிக்கைக்கு ஏறத்தாழ 30,000 பேர் கொடுத்த சுமார் 3 கோடிப் பதிவுகள். 942 இனங்களைப் பார்த்தார்கள். 2020 அறிக்கை சிட்டுக்குருவியைப் பற்றி என்ன சொன்னது? நாடு முழுக்க எடுத்தால் கால் நூற்றாண்டாக ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது, பெருநகரங்களில் குறைந்து வருகிறது. சென்னையும் அந்தப் பெருநகரங்களில் ஒன்று. டவர்தான் காரணம் என்பதற்கு வலுவான சான்று இல்லை.

யோசித்துப் பாருங்கள். டவர் இல்லாத கிராமம் இன்று எங்கே? அம்மா வீட்டு ஓட்டுக்குள் சிட்டுக்குருவி கூடு வைத்திருக்கிறது, கூப்பிடு தூரத்தில் டவர். வேளச்சேரியில் ஓடு இல்லை, கண்ணாடியும் கான்கிரீட்டும். சுவரில் ஒரு பொந்து கிடையாது. குஞ்சுக்கு முதல் நாட்களில் தானியம் போதாது, பூச்சி வேண்டும். பூச்சிக்குப் புதர் வேண்டும். புதர் இருந்த இடத்தில் டைல்ஸ். மளிகைக்கடை வாசலில் சாக்கிலிருந்து தானியம் சிந்தும், இப்போது எல்லாம் பாக்கெட்.

அதே அறிக்கைகளில் நன்றாக இருப்பவை எவை என்றால் மாடப்புறா, மயில், குயில். குயில் பெருகுவது எனக்கு அறிக்கை இல்லாமலே தெரியும். மார்ச் பிறந்தால் விடிகாலை நாலு மணிக்கு ஜன்னலில் உட்கார்ந்து சுருதி ஏற்றுகிறது. கவிஞர்கள் யாரும் நாலாவது மாடியில் குடியிருக்கவில்லை போலும்.

மார்ச் 21

“அப்ப டவரே நல்லதுன்னு சொல்றீங்களா?” இல்லை ஐயா. சிட்டுக்குருவிக்காகப் புதரை விட்டுவையுங்கள், சுவரில் ஒரு பெட்டி மாட்டுங்கள் என்று சொல்கிறேன். டவரைத் திட்டுவதில் ஒரு வசதி இருக்கிறது: நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

ஏப்ரல் 27

நகர இயற்கைச் சவால் நடக்கும் நாட்கள். 2016இல் லாஸ் ஏஞ்சலஸுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நடுவே போட்டியாக ஆரம்பித்தது, இப்போது உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான நகரங்கள். ஊருக்குள் இருக்கிற எந்த உயிரையும் படம் எடுத்து ஐநேச்சுரலிஸ்ட் என்ற ஆப்பில் ஏற்றலாம். ஏப்ரல் கடைசியில் என்று நாள் குறித்தவர் சென்னைக்கு வந்ததே இல்லை என்று பந்தயம் கட்டுவேன்.

வெயில் தாழ்ந்த பிறகு மகளோடு தெருவில் இறங்கினேன். பறவை என்றால் அவளுக்குப் பொறுமை இல்லை, பறந்துவிடுகிறது. செடி பறக்காது. எங்கள் வீட்டிலிருந்து முக்குக்கடை வரை, சிமெண்ட் இடுக்கில், மழைநீர் வடிகால் மூடியோரம், டிரான்ஸ்ஃபார்மருக்குக் கீழே: குப்பைமேனி, மூக்கிரட்டை, நாயுருவி, வெட்டுக்காயப் பூண்டு. படம் எடுத்தால் ஆப் ஓர் ஊகம் சொல்லும். பிறகு மனிதர்கள் வந்து சரி, தவறு சொல்வார்கள். இன்னொருவர் ஒத்துக்கொண்டால் ‘ஆய்வுத் தரம்’ என்று பச்சை முத்திரை விழும். அவள் எடுத்த ஒரு சிலந்திக்கு முத்திரை விழுந்த அன்று வீட்டில் பெரிய ஆர்ப்பாட்டம். அம்மாவுக்கு வீடியோ காலில் குப்பைமேனியைக் காட்டினோம். “இதையா படம் எடுத்தீங்க? அரைச்சு மஞ்சளோட பூசுனா சொறி போகும்ல” என்றாள். மகள் அதையும் குறிப்பில் எழுத வேண்டும் என்று அடம்.

பெற்றோர்களுக்கு ஒன்று. ஐநேச்சுரலிஸ்டில் படம் எடுத்த இடம் வரைபடத்தில் தெரியும். வீட்டிலிருந்து எடுப்பதை எல்லாம் இடம் மறைத்துப் போடுங்கள், அதற்கு வசதி இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் தனியாகப் பயன்படுத்த சீக் என்ற ஆப் நல்லது. அதே ஆட்கள் செய்ததுதான், கணக்குத் திறக்கத் தேவையில்லை.

மே 10

இழை கொஞ்சம் திசை மாறட்டும். இந்த வகையில் எனக்குப் பிடித்த இரண்டு வெளிநாட்டுக் கதைகள்.

மெல்போர்னில் 2013 வாக்கில் மாநகராட்சி தன் மரங்களுக்கு எண் கொடுத்து மின்னஞ்சல் முகவரியும் கொடுத்தது, சுமார் 70,000 மரங்கள். கிளை முறிந்தது, பட்டுப்போகிறது என்று புகார் சொல்வதற்காக. மக்கள் மரத்துக்கே கடிதம் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். தினமும் உன்னைக் கடந்து போகிறேன், நீ அழகாக இருக்கிறாய் என்று. சில கடிதங்களுக்கு மரத்தின் பெயரில் பதிலும் போனது. இங்கே எங்கள் தூங்குமூஞ்சிக்கு மின்னஞ்சல் கொடுத்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும்: “உன் இலை என் கார் மேல் விழுகிறது.”

இரண்டாவது நெதர்லாந்தின் உட்ரெக்ட். வசந்தத்தில் மீன்கள் முட்டையிட ஆற்றில் மேலே போகும், நகரத்துக்குள் ஒரு பழைய மதகு வழியை மறிக்கும். 2021இல் தண்ணீருக்கடியில் கேமரா வைத்து இணையத்தில் விட்டார்கள். மீன் காத்திருப்பதைப் பார்த்தால் யார் வேண்டுமானாலும் ஒரு மணியை அழுத்தலாம், மதகுக்காரருக்குச் சேதி போகும், அவர் திறப்பார். மீனுக்குக் காலிங் பெல். பெயர் இல்லை, பட்டியல் இல்லை, புள்ளிகள் இல்லை. கலங்கின பச்சைத் தண்ணீரை ஆபீஸ் நேரத்தில் நானும் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் ஒன்றும் வராது. ஒரு தடவை வந்தது. அழுத்தினேன். அது என்ன மீன் என்று கூகுளில் தேடத் தோன்றவே இல்லை, ஆட்காட்டி ராத்திரி மாதிரி அதுவும் ஒரு சேதியாக இருந்தது.

மே 11

ஆபீஸ் நேரத்தில் பார்த்ததை எழுதியிருக்க வேண்டாம் என்று நண்பர் சொல்கிறார். இருக்கட்டும்.

ஜூலை 22

மொட்டைமாடியில் வெள்ளை வேட்டியைக் கட்டி அதன் முன் புற ஊதா பல்பு. விட்டில்களும் அந்துப்பூச்சிகளும். அசோசியேஷனில் விசாரணை நடந்தது, “ஷூட்டிங்கா சார்?” என்றார்கள். படங்கள் ஐநேச்சுரலிஸ்டில். ஆப் பாதிக்கு மேல் இனம் வரை போக முடியாமல் குடும்பப் பெயரோடு நின்றுவிட்டது, அதற்கும் பழகிக்கொள்ள வேண்டும்.

செப்டம்பர் 7

தூங்குமூஞ்சிக்கு ஆபத்து வந்தது. இலை, குச்சி, புறா எச்சம், கார். வெட்டிவிடலாம் என்று அசோசியேஷன் கூட்டத்தில் பேச்சு. எனக்கு இதைவிட நல்ல வாய்ப்பு ஏது? இந்த ஒரே மரத்தில் வருஷங்களாக ஏற்றிய பட்டியல், மாதவாரியாக, படங்களோடு அச்சடித்துக் கொண்டுபோனேன். காய்ந்த கிளையில் குக்குறுவான் குடைந்த பொந்து, அதன் படம் தனியாக.

ஒருவர் பட்டியலைப் புரட்டிவிட்டு, “இது தென் அமெரிக்க மரமாச்சே, நாட்டு மரம்கூட இல்லையே” என்றார். உண்மைதான், அந்தப் பக்கத்திலிருந்து வந்த மரம். நாட்டு மரமாகப் புங்கம் வையுங்கள், நானே குழி வெட்டுகிறேன், அது இந்த உயரம் வரும்வரை இதையும் விடுங்கள் என்றேன். எடுபடவில்லை. பட்டியல் யாரையும் அசைக்கவில்லை. தாள் கை மாறி, விசிறிக்கொள்ளப் பயன்பட்டது.

கடைசியில் மரத்தைக் காப்பாற்றியவர் மேலே சொன்ன வங்கிக்காரர். “வெட்டினா மேற்கால வீடுங்களுக்கு ஏ.சி. பில் எவ்வளவு ஏறும்னு கணக்குப் போட்டுட்டு வெட்டுங்க” என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது. காய்ந்த கிளைகளை மட்டும் கழிப்பது என்று தீர்மானம், பொந்து இருக்கிற கிளையை விடச்சொல்லிப் போராடி வாங்கினேன்.

தகவல் சேர்ந்தால் உலகம் திருந்தும் என்று யாராவது சொன்னால் எங்கள் அசோசியேஷன் கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள். ஆனால் ஒரு விஷயம்: அந்தக் கிளையில் பொந்து இருக்கிறது என்பதே அங்கே எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. எப்படித் தெரிந்தது என்று யோசித்தால் மறுபடி அந்த முதல் நாள் ஆப்பில்தான் போய் நிற்கிறது.

அக்டோபர் 13

தோட்டக்கள்ளன் வந்துவிட்டது. ஆறுமணிக் குருவி என்றால் இன்னும் பலருக்குத் தெரியும். பச்சை முதுகு, நீலம், அடிவயிற்றில் சிவப்பு, கண்ணில் கறுப்புப் பட்டை. வடக்கேயும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வருவது. ராத்திரியில் பயணம். வந்து இறங்குகிற நாட்களில் சென்னையின் விளக்கு வெளிச்சத்தில் குழம்பிக் கண்ணாடியில் மோதிப் பால்கனியில் விழும். உங்கள் வீட்டில் விழுந்தால் தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள். காற்றோட்டத் துளை போட்ட அட்டைப்பெட்டியில், இருட்டில், சத்தமில்லாமல் வையுங்கள். தெளிந்துவிட்டால் மரமும் புதரும் உள்ள இடத்தில் விடுங்கள். காயம் என்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

அக்டோபர் 15

எந்த இடத்தில் பார்த்தேன், சரியான லொகேஷன் அனுப்பு என்று தனிச்செய்திகள் குவிகின்றன. அனுப்ப மாட்டேன். பிப்ரவரியில் எழுதிய ஸ்பீக்கர் கோஷ்டியும் இதைப் படிக்கும். என் ஜன்னலுக்குக் கீழே வரும் அளவுக்கு இந்த ஊரில் புதர் இருக்கிறது என்றால் உங்கள் பக்கமும் இருக்கும். கிண்டி ஆளுநர் மாளிகை மதிலோரம் நடப்பவர்கள், ஐஐடி வளாகத்துக்காரர்கள், அடையாறு பிரம்மஞான சபை அருகே இருப்பவர்கள் எல்லாம் விடியும் நேரத்திலும் பொழுது சாயும் நேரத்திலும் பத்து நிமிஷம் நில்லுங்கள். இரண்டு சுருதியில் ஒரு விசில். முதல் தடவைக்கு மெர்லினைப் போட்டுக்கொள்ளுங்கள், தப்பில்லை. முழுக்கைச் சட்டை போடுங்கள், அந்தப் புதரில் கொசு அதிகம்.